கட்டுமானத் தர ஆய்வுச் சேவை: குடிபுகுந்து இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு என் அனுபவம்

காரிமங்கலத்தில் மனை வாங்கி, வீடு கட்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கையின் கணவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், நீங்க கட்டுனப்போ ஓசூர்ல இருந்து இன்ஜினியர் வந்து செக் பண்ணிட்டுப் போவாங்களே, அதுக்குக் கொடுத்த பணம் பிரயோசனமா இருந்துச்சா?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் எங்கள் மாடிக் குளியலறையின் தரை ஓடுகள் அனைத்தும் பெயர்க்கப்பட்டு வாசலில் குவிந்து கிடந்தன. அந்த எரிச்சலில் "ஒன்றுக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில் அல்ல என்பதை அன்றிரவே உணர்ந்தேன். ஆகவே நடந்ததை முறையாக எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போதும் என் கோபம் முழுவதுமாகத் தணிந்திருக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் தளத்துக்கு 1,050 சதுர அடி வீதம் கீழும் மேலுமாகக் கட்டிய வீடு இது. பொருள்களை நானே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் பேசி முடித்திருந்தேன். நான் கிருஷ்ணகிரியில் ஆசிரியராக இருப்பதால் காலையில் போனால் மாலையில்தான் வேலையிடத்தைப் பார்க்க முடியும். வரைபட அனுமதி வாங்கிக் கொடுத்த பொறியாளரோ பூமி பூஜைக்குப் பிறகு வரவே இல்லை. எனவேதான் தனியாக ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினேன். 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டோம். 9 வருகைகள், 38,000 ரூபாய், அதற்கு மேல் வரவேண்டுமானால் வருகைக்கு 3,500 ரூபாய் என்று பேச்சு.

முதலில், அவர்கள் செய்த நல்லதைக் குறைக்காமல் சொல்லவேண்டும். ஆய்வுக்கு வந்தவர் ஓர் இளம் பெண் பொறியாளர். அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தைப் பேருந்தில் கடந்து, வெயிலேறுவதற்கு முன்பே வந்து நிற்பார். கீழ்தளக் கூரைக்குக் கம்பி கட்டி முடித்திருந்த நாளில் அவர் செய்த வேலையை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு முழுவதும் உடனிருந்து பார்த்தேன். கம்பிக்கும், கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் இடையே எங்கள் ஊர் வழக்கப்படி உடைந்த கருங்கல் சில்லுகளைச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றில் பாதி நழுவிப்போய்க் கம்பி தகட்டின்மீதே படிந்திருந்தது. தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ. கவர் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 சொல்கிறது. அந்தச் சிமெண்டுப் போர்வை இல்லாத இடத்தில் சில ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்து, வீங்கி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். சில்லுகள் அனைத்தையும் எடுக்கச் செய்து, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வாங்கி வந்து வைத்த பிறகே அடுத்த வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பிழை முன்புற பால்கனியில் இருந்தது. நான்கடி வெளியே நீளும் அந்தத் தளத்துக்குத் தாங்குவதற்கு முன்னால் சுவரோ தூணோ இல்லை. ஆகவே அதன் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். மேலே கட்டியதென்னவோ சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் எலக்ட்ரிக் குழாய் பதித்தவர்கள் அதன்மீது ஏறி நடந்து நடந்து மிதித்ததில் கம்பி வரிசை முழுவதும் கீழே அமுங்கி, அடிக்கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. என்றைக்காவது முட்டு எடுக்கும்போதோ, நாலு பேர் சேர்ந்து நிற்கும்போதோதான் அந்தப் பிழை வெளிப்பட்டிருக்கும். அவர் டேப்பை வைத்து அளந்து காட்டியபோது, இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் மேஸ்திரி ஒரு சொல்லும் பேசவில்லை. நாற்காலிபோல் தாங்கும் 'சேர்' கம்பிகளை வளைத்து வைத்துக் கம்பியை மேலே தூக்கி நிறுத்திய பின், பலகை போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். இன்று என் தாயார் மாலையில் நாற்காலி போட்டு உட்காரும் இடம் அந்த பால்கனிதான். அந்த ஒரு நாளுக்காக மட்டுமே 38,000 ரூபாய் கொடுத்திருந்தாலும் தகும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை.

கான்கிரீட் போட்ட அன்றும் அவர் நாள் முழுவதும் மிக்சர் அருகிலேயே நின்றார். எம்20 கலவைக்கு (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் வலிமை தரவேண்டிய கலவை) ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக ஹோஸ் பைப்பை எடுத்துவிட்டு வாளிக் கணக்கில் ஊற்ற வைத்தார். 150 மி.மீ. அச்சுகளில் கனசதுரங்கள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். 28-ஆம் நாள் சோதனையில் சராசரி வலிமை சதுர மி.மீ.க்கு 23.8 நியூட்டன் என்று வந்தது. சென்ட்ரிங் சாமான்களை அடுத்த வேலைக்குக் கொண்டுபோவதற்காக மேஸ்திரி ஏழாம் நாளே முட்டுகளைப் பிரிக்கப் பார்த்தார். எங்கள் ஹாலின் குறுகிய பக்கமே 16 அடி, 4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாள் முட்டு நிற்கவேண்டும் என்று பொறியாளர் தொலைபேசியிலேயே தடுத்துவிட்டார். மே மாத வெயிலில் போட்ட தளம், அதிலும் பிபிசி (PPC) எனப்படும் போசலானா கலந்த சிமெண்ட் என்பதால், நீராற்றுவதும் 14 நாளுக்குக் குறையக்கூடாது என்றார். பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம்.

இவ்வட்டாரத்தில் வீடு கட்டுபவர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருக்கிறது, அதைக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தினால் கட்டடம் நிற்காது என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்தியிருந்தார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு இருப்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது பல்லையும் எலும்பையும் பாதிக்கும் சங்கதி. கான்கிரீட்டுக்கான நீரில் ஐஎஸ் 456 கவனிக்கச் சொல்வது குளோரைடு, சல்பேட், கரைந்த திடப்பொருள்கள், அமிலத்தன்மை போன்றவற்றை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கள் நீரில் 310 இருந்தது. லாரித் தண்ணீருக்கு நான் எடுத்து வைத்திருந்த பணம் இந்த ஒரு சோதனையால் மிஞ்சியது.

கோபத்துக்குக் காரணமானது இனிதான் வருகிறது. ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரே வாக்கியம் இருக்கும். "ஆய்வு நாளன்று கண்ணுக்குப் புலப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே இவ்வறிக்கை பொருந்தும்" என்பது அதன் பொருள். முதல் அறிக்கையில் அதைப் படித்தபோது இயல்பான நிபந்தனை என்றே எடுத்துக்கொண்டேன். நான் போகாத இடத்துக்கு நான் பொறுப்பல்ல என்று எவரும் சொல்லத்தானே செய்வார்கள்? ஆனால் ஒன்பது வருகைகளும் எதெதற்கு என்று அப்போது நான் கூர்ந்து பார்க்கவில்லை. அஸ்திவாரக் குழியில் தொடங்கி, கம்பி, பிளிந்த் பீம், லிண்டல், கூரை என்று ஏறி, மேல்தளக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளோடு ஒன்பதாவது வருகை முடிந்துவிட்டது. பூச்சு வேலை, குழாய் வேலை, குளியலறைகளின் நீர்க்கசிவுத் தடுப்பு ஆகிய எதற்கும் ஒரு வருகைகூட ஒதுக்கப்படவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டித் தீர்த்தபோது எங்கள் ஊரிலும் விடாமல் பெய்தது. அந்த மழையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அதே வீட்டில், அடுத்த சித்திரை வெயிலில், மழையே இல்லாத நாளில், சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. ஒரு மாதத்தில் அது பாய் அளவுக்குப் பரவிப் பூச்சு உப்பியது. அதற்கு நேர் மேலே இருப்பது மாடிக் குளியலறை.

ஜூன் மாதம் தரையைப் பெயர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தில் நீர்க்காப்புப் பூச்சைத் தரைக்கு மட்டும் பூசிவிட்டுச் சுவரோரம் மேலே ஏற்றாமல் விட்டிருந்தார்கள். தரையின் கழிவுநீரை வெளியேற்றும் நகானி ட்ராப் குழாய் தளத்தைச் சந்திக்கும் இடத்தில் வெறும் சிமெண்டுப் பாலை ஊற்றி அடைத்திருந்தார்கள். பூச்சு முடிந்தபின் 48 மணி நேரம் நீர் நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்யவே இல்லை. அதற்குப் பதில் உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பி, மேலே ஓடு பதித்து மூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக அந்தச் செங்கல் நிரப்பு நீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பழுதுபார்க்க 46,000 ரூபாய் ஆயிற்று. ஒன்பது ஆய்வுகளுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகையைவிட இது அதிகம்.

நிறுவனத்தை அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டாம் நாள் வந்த மின்னஞ்சலில் அந்த வாக்கியத்தையே எடுத்துப் போட்டு, குளியலறைப் பணி ஒப்பந்தத்தில் அடங்காது என்று முடித்திருந்தார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. வருகைப் பட்டியலின் கீழே கையெழுத்திட்டவன் நான். 3,500 ரூபாய் கொடுத்து இன்னொரு முறை அழைத்திருக்கலாம், "பாத்ரூமுக்கெல்லாம் எதுக்கு சார் இன்ஜினியர்?" என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். அந்தப் பிழையை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஆறாத இடம் வேறு. ஒப்பந்தத்துக்கு முன் அவர்கள் கொடுத்த துண்டறிக்கையில் "அஸ்திவாரம் முதல் புதுமனை புகுவிழா வரை" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சொற்களை நம்பித்தான் நான் போனேன். மேலும், ஐந்தாவது வருகை அறிக்கையில் அந்தத் தாழ்தளத்தின் படமே இருக்கிறது; கம்பியின் இடைவெளி சரி, ஆழம் சரி என்று குறித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பின்னாளில் எங்கே ஒழுகும் என்பது என்னைவிட அவர்களுக்கு நூறு மடங்கு தெரியும். "இந்தப் பகுதி எங்கள் ஆய்வில் வராது, நீர் நிறுத்திப் பார்க்காமல் மூடாதீர்கள்" என்று அந்தப் படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தால் நானே வாளியில் நீர் ஊற்றி இரண்டு நாள் பார்த்திருப்பேன். தம்மைக் காத்துக்கொள்ளும் வரியை ஒன்பது முறை எழுதியவர்களுக்கு என்னைக் காக்கும் வரியை ஒரு முறை எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பழுதுபார்க்க வந்த பிளம்பர் குழாயை மாற்றுவதற்குத் தளத்தைத் துளைக்கவேண்டியிருந்தது. கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளைத்தால் கம்பி அறுந்துவிடும் என்று தயங்கினார். அதே ஐந்தாவது அறிக்கையை எடுத்துக் காட்டினேன். டேப் வைத்து எடுத்த படங்களில் ஒவ்வொரு கம்பியும் சுவரிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, ஒரு கம்பியையும் தொடாமல் துளையிட்டார். வீடு கட்டியவர்களில் எத்தனை பேரிடம் தங்கள் கூரைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இப்படியொரு சான்று இருக்கும்? அந்தக் கோப்பை நான் பத்திரப் பையில் நிலப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

தங்கையின் கணவரை மறுநாள் நானே அழைத்து, இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றை அமர்த்தாமல் அஸ்திவாரக் குழிகூடத் தோண்டாதீர்கள் என்று சொன்னேன். அவர்கள் நீட்டும் வருகைப் பட்டியலில் கையெழுத்திடாமல், ஒவ்வொரு குளியலறைக்கும் நீர் நிறுத்தும் சோதனை நாளையும், மொட்டைமாடிப் பூச்சையும், குழாய்களின் அழுத்தச் சோதனையையும் சேர்த்து எழுதி வாங்குங்கள், கம்பி வேலைக்கான வருகைகளில் எதையும் அதற்காகக் குறைக்காதீர்கள், கூடுதலாகப் பத்தாயிரம் ஆனாலும் கொடுங்கள் என்றேன்.

எனக்கு வந்த நிறுவனத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். பால்கனியை நினைத்தால் இது குறைவு என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் பழைய நிற ஓடு இப்போது கிடைக்காததால் மாடிக் குளியலறைத் தரை முழுவதையும் வேறு நிறத்துக்கு மாற்றியிருக்கிறோம். சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்தக் கறை இன்னும் காயவில்லை. துண்டறிக்கையிலிருந்து "புதுமனை புகுவிழா வரை" என்ற சொற்களை அவர்கள் எடுக்கட்டும், அல்லது குளியலறையை ஆய்வுப் பட்டியலில் சேர்க்கட்டும். இரண்டில் ஒன்றைச் செய்தார்கள் என்று தெரிந்தால், அன்றே இந்த மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன்.