தலைப்பிரட்டைகளுக்கு எது தோது: தொட்டி, தண்ணீர், தீனி

குளத்திலிருந்து தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இவற்றுக்கு என்ன போடுவது?" கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டுத் தொட்டியில் அவற்றைக் கொல்வது பெரும்பாலும் பட்டினி அல்ல, தின்னாமல் மிஞ்சிய தீனி. அதனால் இந்த அலசலில் கலம், தண்ணீர், உணவு, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: இதைத் தேர்ந்தெடுத்தால் மறுநாள் காலையில் தண்ணீர் எப்படி இருக்கும்?

அதற்கும் முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது: எடுப்பதா, குளத்திலேயே விடுவதா? தவளையினங்கள் பல ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. அவற்றில் மிகச் சிலவே தவளையாகின்றன. அந்தக் கணக்கில் பத்துத் தலைப்பிரட்டைகளை எடுத்து வளர்ப்பதால் குளத்துக்குப் பெரிய நட்டமும் இல்லை, பெரிய உபகாரமும் இல்லை. வற்றிக்கொண்டிருக்கும் குட்டை என்றால் காப்பாற்றுகிறோம் என்று சொல்லலாம். மற்றபடி, பார்த்துக் கற்றுக்கொள்ள எடுக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. பல நாடுகளில் வனவிலங்குச் சட்டங்கள் நீர்நில வாழ்விகளுக்கும் பொருந்தும். உங்கள் பகுதியில் அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே வலையையோ கோப்பையையோ கையில் எடுங்கள். எடுப்பதானால் கைப்பிடி அளவு போதும், வாளி நிறைய வேண்டாம்.

கண்ணாடித் தொட்டியா, வெளியில் அகலத் தொட்டியா?

கண்ணாடித் தொட்டிக்கு ஒரே ஒரு பெரிய பலம் உண்டு: பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். வாய் அசைவது, குடல் சுருண்டிருப்பது, பின்னங்கால் மொட்டு விடுவது எல்லாம் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நீரின் நலனைப் பார்த்தால் கண்ணாடித் தொட்டி பின்தங்குகிறது. உயரம் கூடி, அகலம் குறைந்த கலத்தில் காற்று கலக்கும் நீர்ப்பரப்பு சிறியது. சன்னலோரம் வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிவிடும்.

அந்தச் சூடு இரண்டு வகையில் கெடுதல். கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. நீர் சூடாகும்போதும், அதன் காரத்தன்மை கூடும்போதும், அந்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறும். வெயிலில் நிற்கும் பச்சைத் தண்ணீரில் பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் காரத்தன்மையும் தானாகவே கூடுகிறது. அதாவது, காலையில் தாங்கிய அதே தண்ணீர் பிற்பகலில் தாங்காமல் போகலாம்.

வெளியில், பாதி நிழலில் வைத்த அகலமான, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தொட்டி இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தொடங்கும் முன்பே தீர்த்துவிடுகிறது. நீர் நிறையப் பிடிக்கும், மெதுவாகச் சூடேறும், சுவரில் பாசி படரும். அந்தப் பாசியே உணவு. குறைகளும் உண்டு. கொசு முட்டையிடும், தலைப்பிரட்டைகள் அந்தப் புழுக்களைத் தின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தும்பி முட்டையிட்டால் அதன் இளம்புழு தலைப்பிரட்டைகளைத்தான் வேட்டையாடும். மேலே நெருக்கமான வலை கட்டினால் கொசு, தும்பி, பறவை மூன்றுக்கும் ஒரே பதில். மழையில் நிரம்பி வழியாதபடி விளிம்புக்குக் கீழே இடம் விட்டே நீர் ஊற்ற வேண்டும்.

என் தீர்ப்பு வெளித்தொட்டிக்கே. கூர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இரண்டொன்றைக் கண்ணாடிக் குவளையில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி விடலாம்.

எந்தக் கலமானாலும் நெரிசல் கூடாது. ஒரு தலைப்பிரட்டைக்கு இரண்டு லிட்டர் என்றால் நிம்மதி. ஒரு லிட்டருக்குக் கீழே போனால் நாள்தோறும் தண்ணீர் மாற்றும் வேலை தலையில் விழும். நெரிசலில் பெரியவை முந்திக்கொள்ள, சிறியவை வளராமல் தேங்கிவிடும். தீனியும் போதாமல் போனால் ஒன்றன் வாலை ஒன்று கடிப்பதையும் பார்க்க நேரும்.

குழாய் நீர், மழைநீர், குளத்து நீர்

குழாய் நீரைப் பற்றி எல்லோரும் சொல்வது: ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரினுக்கு அது சரி. இப்போது பல நகரங்கள் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) சேர்க்கின்றன; அது ஒரு நாளில் ஆவியாகாது. மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கி அதையும் உடைக்கும். ஆனால் சோடியம் தயோசல்ஃபேட் மட்டும் உள்ள மருந்து உடைத்த பிறகு கொஞ்சம் அம்மோனியாவை விட்டுச் செல்லும். ஆகவே அம்மோனியாவையும் கட்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. செம்புக் குழாய் வழியே வரும் தண்ணீரானால் முதலில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். செம்பு இவற்றுக்கு நஞ்சு. இதே காரணத்தால் செம்பு கலந்த மீன் மருந்துகளும் கூடாது.

மழைநீரைத் தூய்மையின் உச்சமாக நினைப்பவர்கள் அதிகம். தூய்மைதான் அதன் குறை. அதில் தாதுக்கள் மிகக் குறைவு. எலும்பு உருவாகும் காலத்தில் கால்சியம் தேவை. அமில கார மாற்றத்தைத் தாங்கும் திறனும் அதற்கு இல்லை. கூரையில் விழுந்து வந்த நீரில் எச்சமும் உலோகமும் கலந்திருக்கும். வடிகட்டி இயந்திரத்தின் நீருக்கும் காய்ச்சி வடித்த நீருக்கும் இதே குற்றச்சாட்டு. இவற்றைக் குழாய் நீரோடு கலந்து பயன்படுத்தலாம், தனியாக வேண்டாம்.

தலைப்பிரட்டைகள் வந்த அதே குளத்தின் நீர் முதல் நாளுக்கு மிகச் சிறந்தது: பழகிய வெப்பம், பழகிய நுண்ணுயிர்கள், புதிய நோய் எதுவும் இல்லை. துணியில் வடித்துவிட்டால் தும்பிப் புழுவும் நீர்வண்டுப் புழுவும் கூட வராது. ஒவ்வொரு முறையும் குளத்துக்கு ஓடுவது எல்லோருக்கும் முடிகிற காரியம் அல்ல என்பதால், குளத்து நீரில் தொடங்கி, பக்குவப்படுத்திய குழாய் நீரால் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு போவதே நடைமுறைக்கு ஒத்த வழி. வேறொரு குளத்தின் நீரை மட்டும் கலக்காதீர்கள்.

தீனி: இங்கேதான் சண்டை

உணவுக்கு முன்னால் வாயைப் பாருங்கள். பெரும்பாலான தலைப்பிரட்டைகளுக்குக் கெரட்டின் என்ற, நம் நகத்தில் உள்ள பொருளால் ஆன அலகும் வரிசை வரிசையாகச் சிறு பற்களும் உண்டு. கல்லிலும் இலையிலும் படர்ந்ததைச் சுரண்டித் தின்னும். ஆனால் குறுவாய்த் தவளைகள் பலவற்றின் தலைப்பிரட்டைகளுக்கு அந்தப் பற்களே இல்லை. அவை நீரின் நடுவில் மிதந்தபடி நீரை உள்ளிழுத்து, அதில் உள்ள நுண்துகள்களை வடித்து உண்பவை. அவற்றுக்குக் கீரையை எத்தனை வேகவைத்துப் போட்டாலும் பயனில்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் பொடியை நீரில் கரைத்து விட வேண்டும். 'என்ன போட்டாலும் தின்ன மாட்டேன் என்கிறது' என்ற புலம்பல்களில் சில இந்த வேறுபாடு தெரியாததால் எழுபவை.

சுரண்டித் தின்பவற்றுக்கு எது சிறந்தது? முதலிடம் பாசி படர்ந்த கல்லுக்கு. அதில் பாசி மட்டும் இல்லை; பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம் அது. இதற்காகவே படைக்கப்பட்ட வாய் இதைத் தின்கிறது. தின்னாமல் மிஞ்சினாலும் அழுகாது, இதுதான் அதன் பெரிய வெற்றி. ஒரு வாளியில் சில கற்களைப் போட்டு வெயிலில் வைத்துப் பாசி பிடிக்கவிடுங்கள். தொட்டியில் உள்ள கல் வழவழப்பின்றிச் சுத்தமானதும் மாற்றிப் போடுங்கள். குறை என்னவென்றால், எண்ணிக்கை கூடினால் கல்லால் ஈடுகொடுக்க முடியாது.

இரண்டாவது, வேகவைத்த கீரை. வேகவைப்பது சுவைக்காக அல்ல. செல்சுவர் உடைந்து இலை மென்மையாக வேண்டும், மூழ்கவும் வேண்டும். உறையவைத்து எடுத்தாலும் ஏறக்குறைய இதே வேலை நடக்கும். லெட்டியூஸ் நீண்ட காலமாக ஆய்வுக்கூடங்களில் போடப்பட்டு வந்த தீனி. எளிது, தண்ணீரை மெதுவாகத்தான் கெடுக்கும். ஆனால் அதை மட்டுமே போட்டு வளர்த்தால் புரதமும் கால்சியமும் பற்றாது. பசலைக்கீரை சத்து மிகுந்தது என்ற பெயரால் ஏமாற்றும்: அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, பசலையை மட்டும் தின்று வளரும் தலைப்பிரட்டைகளுக்குச் சிறுநீரகக் கல்லே உண்டாகலாம். எப்போதாவது ஓர் இலை என்றால் பழுதில்லை. எந்த இலையானாலும் பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, மீன்களுக்கான பாசி வில்லைகளும் ஸ்பைருலினா கலந்த செதில் தீவனமும். சத்தில் இவை கீரையை எளிதாக வெல்லும். அயோடின் உட்பட, இலையில் கிடைக்காத பலவும் இவற்றில் உண்டு. தண்ணீரைக் கெடுப்பதிலும் இவையே கீரையை வெல்லும். ஒரு சிட்டிகை கூடினால் மறுநாள் நீர் வெண்மையாக மங்கிப்போகும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு. மற்ற நாட்களில் கல்லும் கீரையும். இந்தக் கலவையையே நான் பரிந்துரைப்பேன்.

அவித்த முட்டையின் மஞ்சள் கரு, நூலில் கட்டித் தொங்கவிடும் இறைச்சித் துண்டு ஆகியவற்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. தலைப்பிரட்டைகள் சுத்த சைவம் அல்ல, செத்த பூச்சியையும் செத்த உடன்பிறப்பையும் தின்னும் என்பது உண்மையே. ஆனால் மஞ்சள் கருவைப் போல வேகமாகத் தண்ணீரைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. இறைச்சியை நூலோடு இழுத்து வெளியே எடுத்துவிடலாம் என்பது மட்டும் அதற்குச் சாதகம். ரொட்டியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை: ஊறும், உப்பும், புளிக்கும்.

வெதுவெதுப்பில் விரைவா, குளிர்ச்சியில் நிதானமா?

நீர் வெதுவெதுப்பாக இருந்தால் வளர்ச்சி வேகமாகும். கிடைக்கும் தவளை சிறியதாக இருக்கும். குளிர்ந்த நீரில் நாள் கூடும், உடல் பெரிதாகும். அவசரப்படுத்துவதன் விலையை 1912-இலேயே ஆய்வாளர் குடெர்நாட்ச் காட்டிவிட்டார். தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது அவருடைய தலைப்பிரட்டைகள் வளர்ச்சி முடியும் முன்பே உருமாறி, மிகச் சிறிய தவளைகளாயின. தைராய்டை நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஆலன் என்ற ஆய்வாளர் 1916-இல் காட்டினார்: தலைப்பிரட்டைகள் உருமாறாமலே பெரிதாகிக்கொண்டு போயின. தைராய்டுக்கு அயோடின் தேவை என்பதால்தான் மேலே மீன் தீவனத்துக்கு இடம் கொடுத்தேன். ஹீட்டர் எதுவும் வேண்டாம், நிழல் போதும். பல இனங்களுக்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அமெரிக்கக் காளைத்தவளை போன்றவை குளிர்ப் பகுதிகளில் இரண்டு ஆண்டுகள் கூட எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து 'ஏதோ கோளாறு' என்று பதற வேண்டியதில்லை.

இந்த 6 முதல் 12 வாரக் கணக்கு ஃபில்டர் விவாதத்தையும் முடித்துவைக்கிறது. புதிய ஃபில்டரில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேறச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதாவது, ஃபில்டர் வேலைக்குத் தயாராகும்போது பாதித் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்திருக்கும். மோட்டார் ஃபில்டர் சிறியவற்றை உள்ளே இழுத்தும்விடும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை கால் பங்கு நீரைக் கையால் மாற்றுவதே மேல். நீண்ட நாள் வளரும் இனமானால் மட்டும், காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

கால் முளைத்த பிறகு: வைத்திருப்பதா, விடுவதா?

பின்னங்கால்கள் முதலில் தெரியும். அப்போது எதையும் மாற்ற வேண்டாம். முன்னங்கால்கள் வெளிவந்ததும் எல்லாம் மாறும். வாய் அகலமாகிறது, நீண்ட குடல் சுருங்குகிறது, சில நாட்களுக்குத் தீனியே செல்லாது. வால் கரைந்து உடலுக்குச் சத்தாகிறது. இந்த நாட்களில் தீனி போடுவது தண்ணீரை அழுகவைக்க மட்டுமே உதவும். நீரின் ஆழத்தைக் குறைத்து, ஏறி உட்காரச் சாய்வான கல்லோ மரத்துண்டோ வையுங்கள். அது இல்லையென்றால் தவளைக் குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும்.

வைத்திருந்து வளர்க்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் குட்டித் தவளை அசையும் இரையைத்தான் தின்னும். செதில் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. தேரைக் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம்; அதற்குப் பழ ஈயும் அதனினும் சிறிய பூச்சிகளும் நாள்தோறும் உயிரோடு வேண்டும். இந்த வேலையைச் செய்ய முடிபவர்கள் மிகச் சிலர். ஆகவே வால் ஏறக்குறைய கரைந்ததும், ஈரமான, நிழலான மாலைப் பொழுதில் எடுத்த இடத்திலேயே விடுவது நல்லது. சோப்பும் கிருமிநாசினியும் படாத ஈரக் கையால், முடிந்தால் கோப்பையால் எடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனெனில் இவை வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுமந்திருக்கக்கூடும்.

'எடுத்த இடத்திலேயே' என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 1990-களின் இறுதியில் கண்டறியப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைகளை அழித்துவருகிறது. தலைப்பிரட்டையில் அது கெரட்டின் உள்ள வாயில் மட்டுமே தங்கும். ஆகவே நோய் வெளியே தெரியாமலே இருக்கும். கடையில் வாங்கிய மீனோ தவளையோ இருந்த தொட்டியில் வளர்ந்தவற்றை எந்தக் குளத்திலும் விடக்கூடாது. அந்தப் பகுதிக்கு அந்நியமான காளைத்தவளை போன்ற இனங்களையும் அப்படியே. பழைய தண்ணீரை நீர்நிலைக்கும் வடிகாலுக்கும் தொலைவில், காய்ந்த தரையில் ஊற்றுங்கள். அந்தப் பூஞ்சை உலர்ச்சியைத் தாங்காது என்பதால், தொட்டியையும் கற்களையும் வலையையும் நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த முறைக்கு எடுக்க வேண்டும்.