வேலை போனதும் மெடிக்கல் பாலிசி விற்க வருபவர்களிடம் கவனம்

சென்னையில் ஐடி வேலையை இழந்து, வீட்டில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கம்பெனி தரும் குரூப் மெடிக்ளைம் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் சேர்த்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அன்றோடு சரி. என் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அதனால் ரிலீவிங் தேதி தெரிந்ததுமே ஒரு ஏஜென்டிடம் பேசினேன். அம்மாவின் நோய், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். குரூப் பாலிசியையே தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டேன். "குரூப்புக்கு அதெல்லாம் கிடையாது சார், புதுசாத்தான் போடணும்" என்றார்.

அப்பட்டமான பொய். குரூப்பில் இருக்கும் ஊழியரும் குடும்பத்தாரும் அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கோ ஃபேமிலி ஃப்ளோட்டருக்கோ (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) மாற, இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐயின் விதிகளில் வழி இருக்கிறது. 'மைக்ரேஷன்' என்று கேளுங்கள், வேலையில் இருக்கும்போதே ஹெச்ஆரிடம் பேசிவிடுங்கள். உடல்நிலையைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவெடுக்கும், பிரீமியமும் கூடும். ஆனால் குரூப்பில் கழிந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில், அதாவது சில நோய்களுக்கு கிளைம் கிடைக்காத ஆரம்ப காலத்தில், கணக்காகும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 2024 விதிப்படி அந்தக் காலம் அதிகபட்சம் 36 மாதம். அம்மா அதைவிட அதிக காலம் குரூப்பில் இருந்தவர். புதுப் பாலிசி என்றதும் அத்தனையும் வீணாகிவிட்டது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். பிரீமியம் கட்டுவதற்கு என்று சொல்லி ஓடிபி வாங்கினார். உண்மையில் அது ப்ரபோசல் ஃபார்முக்கு, அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்துக்கு, என் சம்மதம். அந்த ஃபார்மில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 'இல்லை' என்று அவரே போட்டிருக்கிறார். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, நோயை மறைத்துவிட்டதாகச் சொல்லி, ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸை மறுத்துவிட்டார்கள். "நான் டாக்டர்கிட்ட எதையும் மறைக்கலையேப்பா" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டபோது கிடைத்த செட்டில்மென்ட் பணம் பெரும்பாலும் அந்த பில்லுக்கே போனது.

ஏஜென்டைக் கேட்டால், "உண்மையை எழுதினா பாலிசியே வராது சார், எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார். எத்தனை குடும்பங்களுக்கு இப்படிச் செய்திருப்பாரோ! இப்போது போனையே எடுப்பதில்லை.

பாலிசி கையில் வந்தவுடன் கூடவே வரும் ப்ரபோசல் நகலைப் பாருங்கள். வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால் 30 நாளுக்குள் பாலிசியை ரத்து செய்யலாம். சிறு பிடித்தம் போக, கட்டிய பணம் திரும்பி வரும். ஏஜென்டிடம் நோய் விவரத்தைப் போனில் மட்டும் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள்.

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே புகார் எழுதினேன், பலனில்லை. வாட்ஸப் செய்திகளை இணைத்து, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் இப்போது மனு கொடுத்திருக்கிறேன். அதற்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மனு எழுத உதவுகிறேன்.