வினாத்தாளா, ஆலோசகரா, ஒரு நாள் உடனிருப்பா? தொழில் தேர்வுக்கு மூன்று வழிகள்

பள்ளியில் தொழில் வழிகாட்டல் பொறுப்பை என் தலையில் கட்டியபோது, கையில் இருந்தது சிறு தொகையும் கொஞ்சம் நேரமும்தான். அவற்றை எதில் போடுவது என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. எதெல்லாம் பிடிக்கும் என்று வினாத்தாளில் கேட்கும் ஆர்வத் தேர்வை மாணவர்கள் எல்லோருக்கும் நடத்தி அறிக்கை வாங்கித் தருவது ஒன்று. வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வைப்பது இன்னொன்று. மூன்றாவது, மாணவரை வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்பி, அந்த வேலையைச் செய்பவரோடு ஒரு நாள் முழுக்க உடனிருக்கச் செய்வது. மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆகவே கீழே வருவதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்வு மலிவு, ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். நல்ல ஆலோசகருக்குப் பணம் அதிகம். உடனிருப்புக்குக் காசு குறைவு, அலைச்சல் அதிகம்.

ஆர்வத் தேர்வை மட்டம் தட்டுவது என் எண்ணமல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட வினாத்தாளின் அடிப்படை எளிமையானது: ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களின் விருப்பு வெறுப்புகளோடு உங்களுடையவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. இன்னோர் உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்தவைதான் இன்று புழங்கும் ஆறு ஆர்வ வகைகள். கைவேலை, ஆராய்ச்சி, கலை, சேவை, தொழில்முனைவு, ஒழுங்குமுறை என்று தோராயமாகச் சொல்லலாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் என்ற தொழில் தகவல் இணையதளத்தில் இந்த வகைத் தேர்வு இலவசமாகவே கிடைக்கிறது, 60 வினாக்கள். "எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை" என்று கையை விரிக்கும் மாணவருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும். அந்த அளவில் அது நல்ல கருவி.

ஆனால் அந்த 60 வினாக்களின் முதல் இரண்டை மட்டும் பாருங்கள். சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா? செங்கல் அல்லது ஓடு பதிப்பது பிடிக்குமா? கொஞ்சம் தள்ளி, புதிய மருந்தை உருவாக்குவது பிடிக்குமா? பதினைந்து வயதுப் பிள்ளை இவற்றில் எதைச் செய்து பார்த்திருக்கும்? ருசி பார்க்காதவரிடம் உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் இது. "மிகவும் பிடிக்கும்" என்று அவர் குறியிடும்போது, தனக்குப் பிடித்த ஒரு படத்தின் நாயகனையோ, பக்கத்து வீட்டு மாமாவின் காரையோ நினைத்துக்கொண்டு குறியிடுகிறார். அறிக்கை வண்ணப் படங்களோடு வருகிறது. உள்ளே இருப்பது அந்தக் கற்பனையின் சராசரி.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான், வேலையைப் பற்றிய அறிவு. 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் அலுவலகம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தொழில் தேர்வுக்கு மூன்று தேவை என்றார். தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்திச் சீராக யோசிப்பது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாம் முதலாவதிலேயே நின்றுகொண்டு, மாணவரைத் திருப்பித் திருப்பி அளந்துகொண்டிருக்கிறோம். இரண்டாவது அப்படியே கிடக்கிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா ஆய்வில், 2018இல், 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். 41 நாடுகளின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், மாணவர்களில் 47 விழுக்காட்டினரும் மாணவியரில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். தெரிந்த வேலைகள் அவ்வளவுதான் என்றால் ஆர்வம் மட்டும் எப்படி விரியும்?

உடனிருப்பில் என்ன தெரிகிறது என்பதற்கு எங்கள் மாணவி ஒருவரின் நாளைச் சொல்கிறேன். கட்டட வடிவமைப்பாளர் ஆவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்தவள். அப்படி ஒருவரின் அலுவலகத்துக்கு அனுப்பினோம். காலை முழுவதும் ஒரே ஒரு மாடிப்படி. வீட்டுக்காரர் மனம் மாறியதால் படியின் திருப்பம் மறுபக்கம் போனது. அதனால் கீழே இருந்த கழிவறைக் கதவு திறக்க இடமில்லாமல் போனது. கதவை நகர்த்தினால் தூண் குறுக்கே நின்றது. மதியத்துக்கு மேல் ஒப்பந்ததாரரோடு தொலைபேசியில் வாக்குவாதம், பிறகு வீட்டுக்காரருக்குச் சமாதானம். "வரைவது கொஞ்சம், பேசுவதுதான் நிறைய" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். சரி, ஆசை போயிற்று என்றுதான் நினைத்தேன். பக்கத்தைப் புரட்டினால், அந்தக் கதவுச் சிக்கலைத் தீர்க்க இன்னும் என்னென்ன வழிகள் உண்டு என்று தானே படம் போட்டு வைத்திருந்தாள்.

எதிர்த்திசையிலும் நடந்தது. விலங்குகள் என்றால் உயிரை விடும் ஒரு மாணவன் கால்நடை மருத்துவரோடு ஒரு நாள் இருந்தான். ரத்தமோ நாற்றமோ அவனைத் தொந்தரவு செய்யவில்லை. நாயின் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று உரிமையாளரிடம் மருத்துவர் எடுத்துச்சொல்ல, அவர் யோசித்துத் தயங்கி நின்றாரே, அந்தப் பேச்சுதான். "அந்த இடத்தில் என்னால் நிற்க முடியாது" என்றான். விலங்கு பிடிக்குமா என்று எந்தத் தாளில் கேட்டாலும் அவன் முழு மதிப்பெண் வாங்கியிருப்பான்.

சும்மா அனுப்பினால் இது வேடிக்கை பார்ப்பதாக முடிந்துவிடும். கையில் ஒரு குறிப்பேடு, அதில் சில கேள்விகள் வேண்டும். அவர் எவ்வளவு நேரம் தனியாக இருந்தார், எவ்வளவு நேரம் மற்றவரோடு? எதைத் திரும்பத் திரும்பச் செய்தார்? யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது? கடைசியில் அவரிடமே கேட்க வேண்டியது ஒன்று: இந்த வேலையில் அலுப்பான பகுதி எது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். மென்பொருள், கணக்கு போன்ற வேலைகளில் கண்ணுக்குத் தெரிவது முதுகும் திரையும்தான். வேலை செய்பவர் தாம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல ஒப்புக்கொண்டால் ஒழியப் பயனில்லை. மருத்துவமனையில் நோயாளியின் அந்தரங்கம் என்ற நியாயமான தடை உண்டு. ஒரு நாளில் தெரிவது ஓர் அலுவலகம், ஒரு மனிதர். அவர் சிடுசிடுப்பானவர் என்றால் தொழிலே கசந்துவிடும். முடிந்தால் ஒரே வேலையை இரண்டு இடங்களில் பார்க்கச் செய்வது நல்லது. பெரிய தொழிற்சாலைகளுக்கு நாங்கள் அனுப்பியதில்லை, சிறிய இடங்களை வைத்துத்தான் பேசுகிறேன். இன்னொன்று: இடம் பிடிப்பதைப் பெற்றோரிடம் விடக் கூடாது. விட்டால் மருத்துவரின் பிள்ளை மருத்துவரிடமும் கடைக்காரரின் பிள்ளை கடைக்கும் போய் நிற்கும்.

இது புதுமையும் அல்ல. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் நடுநிலைப் பள்ளி மாணவர்களை ஐந்து நாட்கள் வேலையிடங்களுக்கு அனுப்பும் திட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளித் தொழில் வழிகாட்டலுக்கான காட்ஸ்பி அளவுகோல்கள், 2014இல் வகுக்கப்பட்டபோதே, 16 வயதுக்குள் ஒரு முறையாவது வேலையிட அனுபவம் வேண்டும் என்றன. அதே வயதுக்குள் ஆலோசகரோடு தனிச் சந்திப்பும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்கின்றன.

ஆலோசகர் விஷயத்தில் நான் அதிகம் பேச முடியாது. ஓரிருவரோடுதான் பழக்கம். வீட்டில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இழுபறி என்றால், உடனிருப்பை விட மூன்றாம் மனிதர் ஒருவரின் பேச்சே உதவும் என்பதைக் கண்டிருக்கிறேன். அமர்த்துவதற்கு முன், மாணவர் ஏதாவது ஓரிடத்தில் சேர்ந்தால் ஆலோசகருக்குத் தரகு கிடைக்குமா என்பதை மட்டும் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, வேலையிடத்துக்குப் போக நேரமில்லை என்பவர்கள் இலவச ஆர்வத் தேர்வை மாலையில் எழுதிவிட்டு, அறிக்கையில் வந்த முதல் இரண்டு வேலைகளில் இருக்கும் யாரையாவது தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசுங்கள். நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள்.