கொமென்ட்டா, மாறியின் பெயரா?

கிளிநொச்சியில் அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்கு பைதன் என்ற கணினி மொழியில் ஓடுகிறது. எழுதிய தம்பி வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது அது என் பொறுப்பு. எனக்குப் பிறகு அறிவியல் நகர் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து முடித்த யாராவது திறப்பார்கள். வன்னியில் கோட் எழுதுகிறவர்கள் ஓரிடத்தில் நிற்பது குறைவு. வருகிறவருக்கு எதை விட்டுப்போவது, நீளமான கொமென்ட்டையா (கோட்டுக்குள் மனிதர் வாசிக்க எழுதும் குறிப்பு), மாறிகளுக்கு, அதாவது கோட்டில் மதிப்புகளை வைத்திருக்கும் இடங்களுக்கு, விளங்கும் பெயர்களையா? நான் பெயரின் பக்கம்.

இரண்டும் வாசிக்க உதவும், அதில் சண்டையில்லை. சண்டை பராமரிப்பில்தான். கொமென்ட்டைப் பைதன் படிப்பதில்லை; அது பொய்யாகிப் போனாலும் புரோகிராம் ஓடும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அறிவித்தது. விலை மாறுகிற நாளில் ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். எண்ணை மாற்றுவார்கள், பக்கத்தில் கிடக்கும் ‘நாடு 120’ என்ற குறிப்பை யார் பார்ப்பது?

‘வி’ என்ற மாறிக்கு மேலே ஒரு பந்தி விளக்கம் இருந்தாலும், ஐம்பது வரி கீழே அந்த ‘வி’ தனியாகத்தான் நிற்கும். ‘நாடு_விலை_கிலோவுக்கு’ என்றால் விளக்கம் கூடவே போகிறது. பெயரை மாற்றுவதென்றாலும் விஎஸ் கோட் போன்ற எடிட்டரில் எஃப்2 அழுத்தினால் பாவித்த இடமெல்லாம் மாறும். கொமென்ட்டுக்கு அந்த வசதி இல்லை.

அலகு இன்னும் முக்கியம். கமக்காரர் புசலில் பேசுவார், தராசு கிலோ காட்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ‘எடை’ என்று மட்டும் இருந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் அலகுக் குழப்பத்தால்தான்: ஒரு மென்பொருள் பவுண்ட் விசைக் கணக்கில் கொடுத்ததை மற்றது நியூட்டன் கணக்கென்று எடுத்தது. ‘எடை_கிலோ = அளவு_புசல்’ என்று தட்டும்போதே பிழை கண்ணில் குத்திவிடும்.

கொமென்ட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ‘உச்ச_ஈரப்பதம்_வீதம் = 14’ என்ற பெயர் ஏன் 14 என்பதைச் சொல்லாது. நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவு நிபந்தனையைப் பின்பற்றியது என்று ஒரு வரி வேண்டும்.

தமிழில் பெயர் வைப்பதைப் பைதன் 3 ஏற்கிறது; இந்த ஆலைக் கணக்குக்கு நன்றாகவே இருக்கிறது. பெரிய குழுவோடு இப்படி வேலை செய்த அனுபவம் எனக்கில்லை. உலாவியில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும் கவனம். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. பைதன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு வேறு மாறிகளாக எடுக்கும். அதனால் உலாவியில் ஓடும் பகுதிக்கு ஆங்கிலப் பெயரே வைத்திருக்கிறேன், அங்கேயும் அலகோடு.