தனுஷ்கோடிக்கு வேன் பேசுகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு ரூ. 6,400 போச்சு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்து ராமேஸ்வரம் டூர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஏரியாவில் வேன் வாடகைக்கு விடும் ஒரு டிராவல்ஸ். வாடகை பேசும்போது அம்மாவும் கூட இருந்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து கிடக்கும் சர்ச் கட்டடத்தையும், ரோடு முடிகிற அரிச்சல்முனையையும் பார்க்க அவர்களுக்கு ரொம்ப நாள் ஆசை, ஆனால் முட்டிவலி. ஓனர் செல்போனில் அரிச்சல்முனை அசோகத் தூண் படத்தைக் காட்டி, "இந்தத் தூணைச் சுத்திதாம்மா நம்ம வண்டி திரும்பும். நீங்க சீட்டை விட்டு இறங்கவே வேணாம்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் அங்கேயே பணம் கட்டினேன்.

தனுஷ்கோடிக்கு முன்னால் இருக்கும் முகுந்தராயர் சத்திரம் என்ற இடம் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "இதுக்கு மேல மணல் சார், வேன் போகாது. ஜீப்தான்." ஜீப் தயாராக நின்றது. ஜீப்காரர் நம் டிரைவரை 'மச்சான்' என்கிறார்! பொழுது சாய்கிற நேரம், பேரம் பேச வழியில்லை. எல்லோருக்கும் சேர்த்து ரூ. 6,400.

ஏறிப் பார்த்தால் மணலாவது மண்ணாவது! கடைசி வரை தார் ரோடு. 1964 புயலில் அழிந்த ஊருக்கு மணலில் குலுங்கிப் போன காலமெல்லாம் 2017-ல் இந்த ரோடு திறந்ததோடு சரி. சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை ஒன்பதரை கிலோமீட்டர். ஒரு பக்கம் அந்த ஊர்க்காரர்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான கடல் குளம் மாதிரி கிடக்கிறது, மறுபக்கம் ஆண்கடல் என்று சொல்லும் அலையடிக்கிற கடல் கரையில் மோதுகிறது, நடுவில் கார், வேன் எல்லாம் ஜோராகப் போகின்றன. எங்கள் வேன் மாடலிலேயே ஒன்று எதிரே வந்தது. ஜீப் கம்பியைப் பிடித்தபடி அம்மா, "ஏம்பா, அது மட்டும் எப்படிப் போகுது?" என்றார்கள். என்னத்தைச் சொல்ல?

ஓனருக்குப் போன் போட்டால் "டிரைவர்கிட்ட பேசிக்கோங்க." டிரைவரோ "ஓனர் சொன்னதைத்தான் செய்றேன்." இன்று காலை ஓனரிடம் நேரிலேயே போனேன். "அது கவர்மெண்ட் ரூல்ணா." எந்த ரூல்? "சீசனுக்கு சீசன் மாறும்." 6,400 ரூபாய்க்கு என்ன பதில் என்றதும், "அடுத்த ட்ரிப்ல குறைச்சுக்கலாம்ணா." அடுத்த ட்ரிப்பாம்!

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. 'அரிச்சல்முனை வரை இதே வண்டி' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் ஆனால் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், அந்த அவசரத்தில்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். பாதி வாடகையாவது கையில் இருக்கட்டும். சத்திரத்தில் 'மணல்' என்று ஆரம்பித்தால் வேனை விட்டு இறங்காதீர்கள்.