எவர்சில்வர் ஊசிகளோடு நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் தோட்டா உறை கழுவும் சுழல் உருளையின் மூடி ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, சுடுதளத்தில் பழக்கமான நண்பர் ஒருவர் கேட்டார்: "காலித் தோட்டாக்களைக் கழுவ இதை நானும் வாங்கலாமா?" இங்கே டெக்சாசில் நான்கு ஆண்டுகளாக சுட்டு முடித்து மறுபடி மருந்து நிரப்பப்போகும் என் .308 ரக ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகள் அனைத்தும், தண்ணீரும் குட்டி எவர்சில்வர் ஊசிகளும் போட்ட இந்த உருளையில்தான் புரண்டு வெளியே வருகின்றன.

முன்பு வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு அதிரவைக்கும் இயந்திரம் வைத்திருந்தேன். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் கரியில் ஈயம் உண்டு. தூளைச் சலிக்கும்போதெல்லாம் அது தூசியாகப் பறக்கும். மகள் தவழத் தொடங்கிய வாரமே அதை வீட்டைவிட்டு அனுப்பினேன். இதில் தூசியே இல்லை. ஈயம் கறுப்புத் தண்ணீரோடு இறங்கிவிடுகிறது. கையுறை இல்லாமல் அந்தத் தண்ணீரை நான் தொடுவதில்லை.

பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, சில சொட்டு சோப்புத் திரவமும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் சுழலவிட்டால் போதும். பாட்டி புளி போட்டுத் துலக்கிய சொம்பு நினைவுக்கு வரும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே வளையமாக ஓடும் வெளிர்க்கோடு, அதாவது உறை அறுந்துபோகப் போவதன் அறிகுறி, கரி போனால்தான் பளிச்சென்று தெரியும். அம்மோனியா கலந்த திரவத்தை மட்டும் தொடாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டதற்குக் காரணம், குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியாதான்.

இத்தனை நல்ல இயந்திரத்தின் மேல் எனக்கு ஏன் கோபம்? அந்த ஊசிகள்! ஒவ்வொன்றும் சுமார் 1.2 மி.மீ. தடிமன், 6.5 மி.மீ. நீளம். பிரைமரின் தீ உள்ளே பாயும் துளையோ 2 மி.மீ. ஒற்றை ஊசி நழுவிவிடும். இரண்டு சேர்ந்து நுழைந்தால் ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். சலித்தாலும் உதறினாலும் வராது. காந்தம் தரையில் சிதறியதைப் பொறுக்கத்தான் உதவும். ஆகவே ஒவ்வொரு உறையையும் மேசை விளக்கை நோக்கிப் பிடித்து, கழுத்து வழியாக அந்தச் சிறு வெளிச்சப் புள்ளி முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பிறை வடிவில் தெரிந்தால் ஊசி இருக்கிறது. இருநூறு உறைகள், இருநூறு முறை. ஒன்றைத் தவறவிட்டால் வெடிமருந்தோடு ஊசியும் உள்ளே அடைபடும். அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

ஊசியே போடாமலும் சுழற்றிப் பார்த்தேன். வெளிப்புறம் நன்றாகத்தான் இருக்கிறது, பிரைமர் குழியில் கரி மிஞ்சுகிறது.

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, நூற்று எழுபதாவது உறையில் இரட்டை ஊசி சிக்கியிருந்தது. குறட்டால் பிடுங்கி எடுத்த கையோடு நண்பருக்குச் செய்தி அனுப்பினேன்: வாங்க வேண்டாம்.