அணுச்சோதனைக் கண்காணிப்பு வலையமைப்பு: வேலை எப்படி?

வியன்னாவிலுள்ள அணுச்சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் இந்தச் சேவை மெச்சத்தக்கது. நிலஅதிர்வு, கடலொலி, தாழொலி (காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி), கதிரியக்கம் என நால்வகையில் 321 நிலையங்கள், கூடவே 16 ஆய்வகங்கள் என்பது திட்டம், பெரும்பகுதி இயங்குகிறது. அதிர்வுப் பதிவு வெடிப்பைக் காட்டும். அது அணுவெடிப்புதானா என்பதற்கு, அணுப்பிளவில் உண்டாகும் கதிரியக்கச் செனான் வாயுதான் சாட்சி. 2006-இல் வடகொரியா வெடித்தது ஒரு கிலோடன்னுக்கும் (ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்) குறைவு. அதன் செனான் இரண்டே வாரத்தில் கனடாவின் யெல்லோநைஃபில் சிக்கியது. அபாரம்!

நிலத்தடியில் வெடித்த சுரங்கம் வாயுவைக் கசியவிடாவிட்டால் இந்தச் சாட்சி இல்லை. 2009-இல் வடகொரியாவின் அடுத்த சோதனையில் அப்படித்தான் ஆனது. அப்போது ஆய்வாளர்கள் நேரில் போயாக வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமல் அந்த அதிகாரம் கிடையாது. அது நடைமுறைக்கு வர, அதில் குறிப்பிட்ட 44 நாடுகளும் கையெழுத்திட்டு ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பின் தரும் இறுதி ஒப்புதல்) அளிக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா கையெழுத்தே இடவில்லை. ரஷ்யாவும் 2023-இல் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது பெரும் இழப்பு.